பட்டியலில் ஏறிய வீடும் பழுதான கூரையும்

ஒரு கட்டடத்தை மரபுக் கட்டடம் என்று அரசு அறிவிப்பதும், அதைக் காப்பதற்கான பொருளுதவியை அதன் உரிமையாளருக்கு அளிப்பதும் இருவேறு செயல்கள். முதலாவதற்கு ஓர் ஆணையும் அரசிதழில் சில பக்கங்களும் போதும். இரண்டாவதற்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடும், அதைப் பங்கிட்டு மேற்பார்வை செய்யும் ஓர் அலுவலகமும், சுண்ணாம்பையும் மரத்தையும் அறிந்த கைவினைஞரும் வேண்டும். புதுச்சேரி நகரில் முதலாவது மிகத் தாமதமாக, அதுவும் அரைகுறையாக நடந்தது. இரண்டாவது ஒருமுறை சிறிய அளவில் நடந்து, நல்ல பெயர் வாங்கி, அத்தோடு நின்றுபோனது. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் இடைவெளியில்தான் நகரின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. 1990களின் நடுவில் இன்டாக் எனப்படும் இந்திய தேசிய கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 1,800 கட்டடங்கள் மரபு மதிப்புடையவையாகக் குறிக்கப்பட்டன. அவற்றில் பல நூறு கட்டடங்கள் இன்று இல்லை. அவை நின்ற மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், துணிக்கடைகளும், வண்டி நிறுத்துமிடங்களும் நிற்கின்றன.

வாய்க்காலின் இருபுறமும்

1674இல் பிரான்சுவா மார்த்தேன் கால் பதித்த நாளிலிருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பாக வளர்ந்த இவ்வூரை, 1693 முதல் 1699 வரை கைப்பற்றி வைத்திருந்த ஒல்லாந்தர் நேர்க்கோட்டுத் தெருக்களாக வகுத்துத் திட்டமிட்டனர். அந்தத் தெருவமைப்பே இன்றளவும் நகரின் எலும்புக்கூடு. ஆயினும் அக்காலக் கட்டடங்கள் ஏறத்தாழ எவையும் எஞ்சவில்லை. 1761இல் முற்றுகைக்குப் பின் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினர். பாரிசு உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்ததும், 1765 முதல் ழான் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராயிருந்து பழைய தெருக்களின்மேலேயே அதை மீண்டும் எழுப்பினார். ஆகவே இன்று பழமை என்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பெரும்பாலான கட்டடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. விதிவிலக்குகள் மிகச் சில. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவற்றுள் முதன்மையானது. அது வெள்ளையர் பகுதியில் அன்றி வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் நிற்கிறது என்பது கவனத்துக்குரியது.

அந்த வாய்க்கால், கடலோரத்துப் பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கேயுள்ள தமிழர் பகுதியையும் பிரித்த எல்லை. கிழக்கே, தெருவை ஒட்டி உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் தூண் வரிசையுள்ள வீடு என்ற அமைப்பு நிலவுகிறது. மேற்கே, தெருவில் போவோரும் வெயிலுக்கு ஒதுங்கும்படி மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதன்பின் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் பொதுவான திண்ணை, செதுக்கிய நிலைக்கதவு, ரேழி, முற்றம் என்று வீடு தெருவோடு பேசியபடி உள்நோக்கி விரிகிறது. பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும், பின்னர் எழுந்த மேல்தளம் வளைவுச் சன்னல்களும் சுதைத் தூண்களும் கைப்பிடிச் சுவர்களுமாகப் பிரெஞ்சு முறையிலும் அமைந்துள்ளன. இந்தக் கலப்பு வேறு ஊர்களில் எளிதில் காணக் கிடைக்காதது. புதுச்சேரியின் தனித்தன்மையை ஒரே வீட்டில் காட்டச் சொன்னால், கடற்கரை மாளிகைகளைவிடக் காமாட்சியம்மன் கோயில் வீதியிலோ ஈசுவரன் கோயில் வீதியிலோ உள்ள இத்தகைய வீடு ஒன்றையே காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் அழிவும் இங்கேதான் மிகுதி. கிழக்குப் பகுதியில் பெரும் பங்கு மனைகள் அரசு, பிரெஞ்சு அரசு, அரவிந்தர் ஆசிரமம், திருச்சபை ஆகிய நிறுவனங்களின் கையில் உள்ளன. நிறுவனங்களுக்குச் சாவு இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூர கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் பழைய கட்டடங்களில் இயங்கி அவற்றைப் பேணியும் வருகின்றன. மேற்கிலோ, முஸ்லிம் வீதிகளும் கிறித்தவர் வீதிகளும் உட்பட, வீடுகள் தனியார் சொத்து. அவர்களுடைய வருமானமும் வாரிசு எண்ணிக்கையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன.

அறிவிப்பின் எல்லை

இந்தியாவில் பழைய கட்டடங்களுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. மேலடுக்கு, 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம். குறைந்தது நூறாண்டுப் பழமையுள்ள, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கு இது பொருந்தும். 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். அரிக்கமேடு போன்ற அகழ்விடத்துக்கு இச்சட்டம் ஏற்றது. மூன்று குடும்பங்கள் சமைத்து உண்டு உறங்கும் வீட்டுக்கு இது ஒவ்வாது. ஒரு தெரு முழுவதையும் இதன்கீழ்க் கொண்டுவந்தால் அங்கே யாரும் கழிவறைகூடக் கட்டிக்கொள்ள முடியாது.

கீழடுக்கு, நகரமைப்புச் சட்டத்தின் வழியே மாநிலமோ உள்ளாட்சியோ வெளியிடும் மரபுக் கட்டடப் பட்டியல். இதுவே உள்ளூர் அறிவிப்பு எனப்படுவது. புதுச்சேரியில் 1969ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் அதன்கீழ் வந்த கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. மாநில அளவிலான மரபுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்று பரிந்துரைக்க, நூற்றுச் சொச்சம் கட்டடங்கள் முறைப்படி அறிவிக்கப்பட்டன. இத்தகைய பட்டியல்களில் கட்டடங்கள் மூன்று தரமாகப் பிரிக்கப்படுவது வழக்கம். முதல் தரத்தில் உள்ளும் புறமும் மாற்றம் கூடாது. இரண்டாம் தரத்தில் தோற்றமும் தனிச்சிறப்புள்ள உறுப்புகளும் கெடாமல் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் தரத்தில் தெருவின் பொதுத் தோற்றத்துக்கு இசைவாக மாற்றியமைக்கலாம். கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டவற்றுக்கும் சட்டப்படி அறிவிக்கப்பட்டவற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. அறிவிக்கப்படாத வீட்டை இடிக்க வருபவரிடம் அதன் அழகை எடுத்துச்சொல்லலாமே ஒழிய, ஆணை காட்டித் தடுக்க முடியாது.

உள்ளூர் அறிவிப்பு என்னும்போது உள்ளூர் என்பது யார் என்ற கேள்வியும் எழுகிறது. 1880ஆம் ஆண்டின் ஆணை வழியே நகராட்சி முறை நிலைபெற்ற இவ்வூரில், 1968க்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தபின் நகராட்சி மீண்டும் அதிகாரிகள் கைக்கே போயிற்று. பட்டியலில் தம் வீடு சேர்வது குறித்து ஒரு தெருவார் முறையிடுவதற்கோ, சேர்த்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதற்கோ வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத நிலையில், அறிவிப்பு மேலிருந்து வரும் கட்டளையாகவே மக்கள் கண்ணுக்குப் படுகிறது.

அரசே உரிமையாளராக இருந்தாலும் அறிவிப்பு மட்டும் கூரையைத் தாங்காது என்பதற்குக் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம் சான்று. 1870-71இல் எழுப்பப்பட்டு, நகராட்சி மன்றமாகவும் மணப்பதிவு நடக்கும் கூடமாகவும் நகரின் பொதுவாழ்வுக்கு நடுவாக விளங்கிய அந்த மாளிகை, புதுப்பிப்பது பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டிருக்க, 2014 நவம்பர் 29 அன்று பருவமழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கிக் கடனுதவியுடன் ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில் பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் அழகாகவே இருக்கிறது. ஆனால் இப்போது நிற்பது நகல். உரிய காலத்தில் கூரையையும் உத்தரங்களையும் மாற்றியிருந்தால் இச்செலவில் சிறு பங்கிலேயே அசலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

வைசியாள் வீதியில் நடந்தது

பொருளுதவியின் பக்கம் புதுச்சேரி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின்கீழ் 2002 முதல் 2004 வரை புதுச்சேரி நகராட்சி, இத்தாலியின் ஊர்பினோ நகரம், பிரான்சின் வில்நவ்-சூர்-லோ நகரம் ஆகியவை கைகோத்து, இன்டாக் கிளையின் தொழில்நுட்பத் துணையுடன், மரபைக் காப்பதன் வழியே நகரின் பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் மேம்படுத்த முயன்றன. அம்முயற்சியில் மாதிரித் தெருவாக எடுத்துக்கொள்ளப்பட்டது தமிழர் பகுதியின் வைசியாள் வீதி, அதாவது கால்வே சுப்பராய செட்டியார் வீதி. அங்கே வரிசையாக அமைந்த ஏறக்குறைய இருபது வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. பின்னால் முளைத்த சிமென்ட் சன்ஷேடுகளும் விளம்பரப் பலகைகளும் நீக்கப்பட்டு, தாழ்வாரங்களும் மரத்தூண்களும் சுதை வேலைப்பாடுகளும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டன.

இங்கே கையாளப்பட்ட முறை சரிபாதி நல்கை என்பது. சீரமைப்புச் செலவில் பாதியை உரிமையாளர் போட்டால் மறுபாதியைத் திட்டம் தரும். முழுச் செலவையும் அரசு ஏற்கும் இலவசத் திட்டத்தைவிட இது மேலானது. ஏனெனில் தம் பணமும் கலந்திருக்கும் வேலையை உரிமையாளர் பக்கத்தில் நின்று கவனிக்கிறார், வேலை முடிந்தபின் அதைக் கெடுக்கத் தயங்குகிறார். அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2008இல் கிடைத்தது. அதன் பிறகு அவ்வீதியிலும் சுற்றுப்புறத்திலும் சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின.

வெற்றி பெற்ற இத்திட்டத்தின் இரண்டு குறைகளையும் சொல்லியாக வேண்டும். பணம் வெளியிலிருந்து வந்தது. வந்த பணம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. அடுத்த வீதிக்கு, அதற்கடுத்த வீதிக்கு என்று ஆண்டுதோறும் நகர்ந்திருக்க வேண்டிய ஒரு முறை, புகைப்படத்துக்குரிய ஒரு தெருவோடு தங்கிவிட்டது. இரண்டாவது, நல்கை முகப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தெருவில் நடப்பவருக்கு முகப்பு தெரியும், கூரை தெரியாது. வீட்டை வீழ்த்துவது கூரை.

கூரையில் தொடங்கும் சாவு

புதுச்சேரியின் பழைய மாடி வீடுகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டைக் கூரை உடையவை. சுவர்மேல் தேக்கு உத்தரங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் நெருக்கமாக மரச்சட்டங்களைப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் இக்கூரை நூறாண்டுகளைத் தாண்டும். வீட்டுக்குள் தரும் குளிர்ச்சி கான்கிரீட்டில் வராது.

பராமரிப்பு என்பது பெரிய காரியமும் அன்று. மழைக்கு முன் மழைநீர்ப் போக்கிகளின் அடைப்பை நீக்குவதும், தட்டோட்டு இடுக்குகளைச் சாந்தால் பூசுவதும், கைப்பிடிச் சுவரோரம் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு களைவதும்தான். இவற்றைச் சில ஆண்டுகள் விட்டுவிட்டால், விரிசல் வழியே இறங்கும் நீர் மரச்சட்டத்தின் சுவருக்குள் புதைந்த முனையில் போய்த் தங்குகிறது. வெளியே தெரியாத அந்த முனைதான் முதலில் உளுக்கிறது, கறையானும் அங்கிருந்தே ஏறுகிறது. சட்டங்களை மாற்ற வேண்டிய இந்தக் கட்டத்தில் உரிமையாளரிடம் பணம் இருப்பதில்லை. அருகிலுள்ள கொத்தனாரோ தாம் அறிந்த சிமென்டை மேலே பூசிவிடுகிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிட்டு வாழ்வது. சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் இது இன்னும் விரைவு. பழுது பார்த்ததாக எண்ணிச் செய்த செலவே வீட்டின் ஆயுளைக் குறைக்கிறது.

இதோடு சொத்துரிமைச் சிக்கலும் சேர்கிறது. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றதால் ஊரார் சொல்தா வீடு என்று சொல்லும் குடும்பங்கள், 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு பின்னர் பாரிசுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் பெயர்ந்த குடும்பங்கள் எனப் பலவற்றின் வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கின்றன. தாத்தா பெயரிலேயே பத்திரம், வாரிசுகள் பத்துப் பதினைந்து பேர், பாதிப்பேர் வெளிநாட்டில். கூரையைப் பழுதுபார்க்க யார் பணம் போடுவது என்பதில் ஒருமித்த கருத்து வருவதில்லை. விற்றுப் பங்கிட்டுக்கொள்வதில் மட்டும் விரைவில் வந்துவிடுகிறது. வாங்கும் அடுக்குமாடி கட்டுநருக்கு வேண்டியது மனை. தேக்குத் தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகள் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வணிகம் புதிதன்று.

இந்நிலையில் அத்தகைய வீட்டைப் பட்டியலில் சேர்ப்பது என்ன செய்யும்? இடித்து விற்கும் வழியை அடைக்கும்; பழுதுபார்க்கும் வழியைத் திறக்காது. ஆகவே அறிவிப்பு வரும் என்ற பேச்சு எழுந்தாலே அதற்குமுன் இடித்துவிடும் அவசரம் உண்டாகிறது. அறிவித்தபின் தானாக விழட்டும் என்று விட்டுவிடும் போக்கு உண்டாகிறது. மழை இடித்தால் அனுமதி வேண்டியதில்லை அல்லவா?

பிற ஊர்களின் கணக்கு

பிரான்சில் எழுத்தாளரும் பண்பாட்டு அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் சட்டம், நகரின் ஒரு பகுதி முழுவதையுமே காக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கவும், அங்கே பழைய கட்டடத்தை விதிப்படி சீரமைத்து வாடகைக்கு விடுபவருக்கு வருமான வரியில் சலுகை தரவும் வழிசெய்தது. இன்று அச்சலுகை, பகுதியின் தன்மைக்கேற்பச் செலவில் 22 அல்லது 30 விழுக்காடு. அச்சட்டம் 1962 ஆகஸ்ட் 4இல் நிறைவேறியது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல். பெயரளவில் பிரெஞ்சு மண்ணாக இருந்த கடைசிப் பன்னிரண்டு நாள்களில் பிறந்த சட்டம் அது. 1954 முதலே நிர்வாகம் இந்தியாவிடம் இருந்தமையால் இவ்வூருக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பலவற்றுள் அவர்களுடைய மிகப் பயனுள்ள கட்டடச் சட்டம் இல்லாமற்போனது வரலாற்றின் சிறு விளையாட்டு.

அமெரிக்காவில் 1931இல் சார்ல்ஸ்டன் நகரம் தன் பழைய பகுதியை உள்ளூர்ச் சட்டத்தால் காத்து வழிகாட்டியது. நடுவண் அரசோ 1970களிலிருந்து வரியைக் கருவியாக்கியது; பதிவுபெற்ற பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் தகுதியுள்ள செலவில் 20 விழுக்காட்டை உரிமையாளர் தம் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இது வருமானம் தரும் கட்டடங்களுக்கே உரியது; தாம் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. புதுச்சேரியில் வரிச்சலுகை இல்லாமலேயே, சந்தை இதே முடிவைக் கொண்டுவந்திருக்கிறது. ரோமன் ரோலன் வீதியில் நீம்ரானா நிறுவனம் புதுப்பித்த ஓத்தேல் தெ லோரியான், பெருமாள் கோயில் வீதியில் விடுதியாக மாறிய மேசோன் பெருமாள் போன்றவை நல்ல பாதுகாப்புக்கு எடுத்துக்காட்டுகள். ஆனால் விடுதியாகவோ உணவகமாகவோ ஆக முடிந்த வீடுதான் பிழைக்கும் என்றால், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மிகச் சிலவே பிழைக்கும். அவற்றிலும் முற்றத்தில் துளசி மாடம் இருக்கும், விளக்கேற்றும் குடும்பம் இருக்காது.

இந்திய நகரங்கள் நாடிய வழி வேறு. 1995இல் மரபு விதிகளைக் கொண்டுவந்த மும்பையும், 2017இல் உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாத்தும் வளர்ச்சி உரிமை மாற்றம் என்ற முறையைக் கையாள்கின்றன. ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதற்கு நகர விதியில் ஓர் அளவு உண்டு. மரபு வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர் அந்த அளவில் பயன்படுத்தாமல் விட்ட மீதியைச் சான்றிதழாகப் பெற்று, நகரின் வேறிடத்தில் கூடுதல் மாடி எழுப்ப விரும்பும் கட்டுநருக்கு விற்கலாம். அரசுக்கு ரொக்கச் செலவு இல்லாததால் அதிகாரிகளுக்கு இம்முறை மிகவும் பிடிக்கும். ஆனால் கூடுதல் மாடிக்குக் கடும் தேவையுள்ள பெருநகரத்தில்தான் அந்தச் சான்றிதழுக்கு விலை உண்டு. அரை மணி நேரம் வண்டியோட்டினால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும் புதுச்சேரியில், இங்கே சான்றிதழுக்கு விலை கொடுப்பதைவிட எல்லைக்கு அப்பால் மனை வாங்குவது கட்டுநருக்குச் சிக்கனம். மும்பையின் மருந்து இந்த உடலுக்குச் சேராது.

புதுச்சேரிக்கு நெருங்கிய பாடம் கடலுக்கு அப்பால், தமிழர் தெருவும் உள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. அங்கே பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. 2000 தொடக்கத்தில் அது நீங்கியதும் வாடகை ஏறி, குடிகள் வெளியேறினர். 2008இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, 2009இல் தொடங்கப்பட்ட திங்க் சிட்டி என்ற அரசுசார் நிறுவனம் தனியார் வீடுகளின் சீரமைப்புக்குச் சிறு சிறு நல்கைகளை வழங்கியது. விருதும் பட்டியலும் மனை விலையை ஏற்றும். குடியிருப்பவர் தங்க வேண்டுமானால் அவருக்குத் தனியே ஏற்பாடு வேண்டும் என்பதை அவ்வூர் இருமுறை கற்றுக்கொண்டது.

இவ்வூருக்குப் பொருந்துவது

சொத்து வரித் தள்ளுபடி என்பதே முதலில் எல்லோர் வாயிலும் வருவது. அது மரியாதைக்கு நல்லது. ஆனால் நகராட்சி வசூலிக்கும் வீட்டு வரி, ஓர் உத்தரத்தை மாற்றும் கூலிக்கே காணாது என்பதால் அதை நம்பி யாரும் வீட்டைக் காப்பாற்றப் போவதில்லை. அதைவிடப் பயன்தருவது, பட்டியலிலுள்ள வீட்டை ஒரே வாரிசின் பெயருக்கு ஒன்றுசேர்க்கும் விடுதலைப் பத்திரங்களுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கும் முத்திரைத் தீர்வையை நீக்குவது. வீடு துண்டாகாமல் இருப்பதற்கு அரசு தரக்கூடிய மலிவான ஊக்கம் அதுவே. மூன்றாம் தரக் கட்டடத்தின் பின்கட்டில் கழிவறை, சமையலறை மாற்றங்களுக்கு முப்பது நாளில் அனுமதி என்று காலவரையறை விதிப்பதும் பணத்துக்கு ஒப்பான உதவிதான். மரபுக் குழுவின் கூட்டத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர் அனுமதி கேளாமலே சிமென்ட் மூட்டையை இறக்கிவிடுகிறார்.

ஆயினும் நடுநாயகமானது சரிபாதி நல்கையே. அதை முகப்பிலிருந்து கூரைக்கு மாற்ற வேண்டும். நல்கையின் அரசுப் பங்கு வீடொன்றுக்கு 5 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேரி கட்டடத்தின் நகலுக்குச் செலவான தொகையில் 300 வீடுகளின் கூரையைச் செப்பனிட்டிருக்கலாம். ஒரே ஆண்டில் 300 வீடுகளைச் செய்ய இவ்வூரில் சுண்ணாம்புக் கொத்தனார் இல்லை. ஆகவே ஆண்டுக்கு 30 வீடு என்று பத்தாண்டுகளுக்கு நீட்டுவதே நடைமுறைக்கு ஒத்தது. அப்படித் தொடர்ந்து வேலை இருக்கும் என்ற உறுதி இருந்தால்தான் இளைய கொத்தனார் ஒருவர் காரை அடிக்கவும் சுதை பூசவும் கற்றுக்கொள்வார். விருதுக்காக ஒரு தெருவில் மட்டும் ஓராண்டு நடக்கும் வேலையால் எந்தக் கைத்தொழிலும் நிலைக்காது.

பணத்துக்கான வழிகளும் இல்லாமலில்லை. நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதையும் பெருநிறுவன சமூகப் பொறுப்பு நிதிக்குரிய செயல்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 1996இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியத்துக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டு. இவை இரண்டும் இதுவரை பெரும்பாலும் பெரிய நினைவுச்சின்னங்களையே நாடிச் சென்றன. தனியார் வீட்டுக்குக் கொண்டுவர, நடுவே பொறுப்பேற்கும் ஓர் அறக்கட்டளை நிதி வேண்டும். ஒயிட் டவுன் எனப்படும் கிழக்குப் பகுதி விடுதிகளில் தங்குவோர் செலுத்தும் கட்டணத்திலிருந்து ஒரு சிறு பங்கை அந்நிதிக்கு ஒதுக்குவதும் நியாயமே. அவர்கள் விலைகொடுத்துப் பார்க்க வரும் பொருள் ஊரின் பழமை, அதன் பெரும்பகுதியைச் செலவேற்றுத் தாங்கி நிற்போர் வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள குடும்பங்கள்.

நல்கை பெற்றவருக்குக் கடமையும் இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்குள் இடிக்கவோ விடுதியாக மாற்றி விற்கவோ முனைந்தால் வாங்கிய தொகையை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை உடன்பாட்டில் எழுதிப் பத்திரத்தில் பதிவுசெய்யலாம். பிரான்சிலும் மால்ரோ சலுகை பெற்றவர் ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு.

தமிழ்நாடு தன் மரபு ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றி, நடைமுறைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. புதுச்சேரிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மரபு வீடுகளின் கூரைச் சீரமைப்புக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றைத் திறந்து, முதல் ஆண்டுக்கு 30 வீடுகளுக்கான தொகையை ஒதுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையைத் தொடங்கும்படி சட்டப்பேரவை உறுப்பினர்களை அந்தந்தத் தொகுதி மக்கள் கேட்க வேண்டும்.